வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு புளூநோஸ்: கட்டியபோதும் கட்டி முடித்த பின்னும்

2021 டிசம்பரில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த அத்தான், சூட்கேசின் அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்துத் தந்தார். மரத்தில் மாதிரிப் பாய்க்கப்பல் கட்டும் கிட். கூடவே ஒரு கனேடியப் பத்துச் சதக் குற்றியையும் கையில் வைத்து, "இதில இருக்கிற கப்பல்தான் பெட்டிக்குள்ளயும் இருக்கு" என்றார். 1937 முதல் அந்த நாட்டின் பத்துச் சதத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புளூநோஸ். நோவா ஸ்கோஷியாவின் லூனென்பேர்க்கில் 1921 மார்ச்சில் கடலில் இறக்கப்பட்ட இரட்டைப் பாய்மர மீன்பிடிக் கப்பல். 143 அடி நீளம். மீனும் பிடித்தது, பந்தயங்களும் வென்றது.

2022 ஜனவரியில் தொடங்கி 2023 ஏப்ரல் கடைசியில் முடித்தேன். இப்படியான கிட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாகக் கடைசிக் கயிற்றைக் கட்டிப் படம் எடுத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடைய வீடு, கடலோர வீதியான மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. யன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் உப்பு ஒட்டும். இந்தக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேலாக நிற்கும் ஒரு மரக் கப்பலுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். வாங்க யோசிக்கிறவர்களுக்கு உதவப்போவது அதுதான்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நடுப்பலகை. லேசரில் வெட்டிய பிளைவுட்டில் அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, பின்புறம் வரை ஒரே துண்டாக வரும். முழுக் கப்பலும் அதன் மேல்தான் நிற்கும். என்னுடையதைக் கண்ணாடி மேசையில் வைத்தபோது நடுவில் ஒரு நாணயம் நுழையுமளவு தூக்கி நின்றது. இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவில் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றிப் பத்து நாள் விட்டேன். நேராக வந்தது. அது நேராகும் வரை எதையும் ஒட்டக் கூடாது. அங்கே இருக்கிற ஒரு மில்லிமீற்றர் வளைவு பாய்மரம் நடும்போது பெரிய சரிவாகத் தெரியும்.

நடுப்பலகையில் குறுக்குச் சட்டங்களைக் கொளுவி நிமிர்த்தி வைத்திருந்த நாள் அம்மா வந்து பக்கத்தில் இருந்தார். அம்மாவின் ஊர் யாழ்ப்பாணக் கடற்கரையிலுள்ள வல்வெட்டித்துறை. எண்பது வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு சட்டத்தைத் தொட்டு, "இது வங்கு" என்றார். பிறகு அடியில் விரலை ஓட்டி, "இது ஏரா. எங்கட ஐயா ஏராவிலதான் முதல் தேங்காய் உடைப்பினம் எண்டு சொல்லுவார்."

வழிகாட்டிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் என் தாயின் வாயில் பெயர் இருந்தது. அன்றிலிருந்து துண்டுகளை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டும்போது அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். அணியம், வங்கு, பருமல், கப்பி, ஆஞ்சான். பருமல் என்றால் பாய் கட்டும் குறுக்குமரம், ஆஞ்சான் என்றால் பாயை ஏற்றி இறக்கும் கயிறு. ஆஞ்சான் என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

வங்குகளின் விளிம்பைச் சாய்வாக அராவுவதில் அவசரப்படாதீர்கள். ஒரு மெல்லிய மரச் சலாகையை அணியத்திலிருந்து பின்வரை பிடித்துப் பார்த்தால் அது எல்லா வங்கிலும் முழு விளிம்போடு படிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முட்டினால் அந்த இடம் பிறகு வெளியில் கட்டி மாதிரித் தள்ளும். எனக்கு இதற்கு மூன்று வாரம் போனது.

அடுத்தது பலகை ஒட்டுவது. இந்தக் கிட்டில் இரண்டு அடுக்கு: உள்ளே ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் மென்மையான மரம், வெளியே அரை மில்லிமீற்றர் வோல்நட். முதலில் செய்பவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இது, புத்தகமும் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறது. கப்பலின் நடுவில் மேலிருந்து ஏரா வரை உள்ள தூரம் அதிகம், அணியத்தில் குறைவு. ஆனால் ஓடும் பலகைகளின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஒரு கடதாசித் துண்டை வங்கின் மேல் வளைத்து அளந்தேன். நடுவில் 80 மி.மீ., பலகை 5 மி.மீ. அகலம், ஆகவே 16 பலகை. அணியத்தில் அளந்தால் 52 மி.மீ. அதைப் பதினாறால் வகுத்தால் மூன்றேகால். அதாவது ஒவ்வொரு பலகையையும் அணியத்துக்கு வரும்போது 5 மி.மீ. இலிருந்து மூன்றேகாலுக்குச் சீவி எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யாமல் முழு அகலத்தோடு ஒட்டினால் ஐந்தாவது பலகையிலேயே ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அகலத்தில் பாதிக்குக் கீழே மட்டும் சீவ வேண்டாம், நுனி பிளக்கும். அதற்கும் மேலே குறைக்க வேண்டி வந்தால் ஒரு பலகையைப் பாதியில் நிறுத்திவிடலாம்.

சலாகையை வளைக்க முதலில் மகளின் தலைமுடி நேராக்கும் மெஷினைத்தான் பாவித்தேன். இருபது நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டுச் சூட்டில் மெதுவாக இழுத்தால் வளையும். அப்புறம் 2022 மார்ச் வந்தது, நாட்டின் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டும் வந்தது. அந்த மாதக் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத நாளும் இருந்தது. சூடு இல்லை. ஊறிய சலாகையை அலுமினியச் சட்டியைச் சுற்றி வளைத்து றப்பர் பட்டியால் கட்டி, இரவு முழுக்கக் காய விட்டேன். பாருங்கள், மெஷினில் பத்துக்கு மூன்று வெடித்தது. சட்டியில் கட்டியதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகும் நான் சட்டியை விடவில்லை. எங்கள் ஈரப்பதத்தில் மரம் ஆறுதலாகக் காயும், அந்த ஆறுதல் வளைவுக்கு நல்லது.

ஆனால் அதே ஈரப்பதம் கம்மில் வேறுவிதமாக விளையாடும். வெள்ளைக் கம் காய இங்கே ஒரு முழு இரவு கொடுங்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம் குளிர்நாட்டு ஹீட்டர் அறைக்கு. சுப்பர் குளூவோ எதிர்மாறு. அது காற்றிலுள்ள ஈரத்தில்தான் இறுகும், ஆகவே இங்கே கண் மூடித் திறக்குமுன் பிடித்துவிடும். ஓரத்தில் வெள்ளைப் படலமும் படரும். வெளி வோல்நட் அடுக்கில் அந்த வெள்ளை பட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நான் வெளி அடுக்கின் பாதியில் அதைக் கைவிட்டு வெள்ளைக் கம்முக்கே திரும்பினேன்.

மேல்தளத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. சலாகை விளிம்பில் பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்றுக் கோடு அழகாக வரும்.

கயிறு வேலை ஐந்து மாதம். சதுரப்பாய்க் கப்பல்களோடு பார்த்தால் புளூநோஸில் கயிறு குறைவு, அதனால்தான் முதல் கப்பலுக்கு இது நல்லது. பாய்மரத்தின் பக்கக் கயிறுகளை இழுத்துப் பிடிக்கும் மூன்று துளை உள்ள கட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரவேண்டும். ஒரு செப்புக் கம்பியைக் கவ்வி மாதிரி வளைத்து, இரண்டு கட்டைக்கும் நடுவில் வைத்துக் கட்டினால் கண்ணளவு தேவையில்லை. பாய்த்துணியைப் பிளேன்டீயில் ஊறப்போட்டுப் பழுப்பாக்கினேன். எல்லாம் முடிந்து அலுமாரியின் மேல் ஏற்றிய அன்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கியது. ஜூலையில் கப்பலின் உடலில் பூசியிருந்த வெள்ளைக்கோட்டின் மேல் மண்ணிறப் புள்ளிகள் கண்டேன். சீராக, ஒவ்வொரு வங்குக்கும் நேரே ஒன்று. விளங்கிவிட்டது. உள் அடுக்கை வங்கோடு பிடிக்க கிட்டில் வந்த ஆணிகளை அடித்து உள்ளேயே விட்டிருந்தேன். பித்தளை என்று பெட்டியில் போட்டிருந்தது. மிஞ்சிய ஆணிகளைத் தட்டில் கொட்டி, குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். எல்லாம் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்பு. உப்புக்காற்று அந்தப் பூச்சைத் தின்று, துரு வோல்நட்டையும் பெயின்ட்டையும் தாண்டி வெளியே வந்திருக்கிறது. கறுப்புப் பகுதியில் துரு தெரியாது, ஆனால் பெயின்ட் சிறு கொப்புளமாகக் கிளம்பியது. ஒவ்வொன்றையும் கத்தி நுனியால் திறந்து, சுரண்டி, நிரப்பி, திரும்பப் பூசினேன். இன்னும் ஒன்றிரண்டு வருகின்றன. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஆணிகளுக்கு முதலில் காந்தம் பிடித்துப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் கம் காய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள். ஆணி கம் காயும் வரை பிடிப்பதற்கு மட்டும்தான்.

கயிறும் சும்மா இருக்கவில்லை. கிட்டில் வந்தது பருத்தி நூல். மழைக்காலத்தில் ஈரம் குடித்து இறுகியது, ஜனவரி வரட்சியில் தொய்ந்தது. இறுகும்போது முன் பாய்மரம் ஒரு பக்கம் வளைந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாவது வருடம் புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் தையல் சாமான் விற்கும் கடையில் கறுப்புப் பொலியெஸ்டர் நூல் வாங்கி, தேன்மெழுகில் இழுத்து, பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் நிலைக்கயிறுகள் முழுவதையும் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு கயிறும் அசையவில்லை. பருத்தியின் பிசிரும் இல்லை, அதில் தங்கும் தூசும் இல்லை. தொடக்கத்திலேயே மாற்றியிருக்க வேண்டியது. பாய்த்துணியில் பூஞ்சணம் புள்ளி போட்டது, கழற்றிவிட்டேன். வெறும் பாய்மரத்தோடு நிற்கும்போது கட்டிய வேலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு இப்படித்தான் பிடிக்கிறது.

தூசுக்கும் உப்புக்கும் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். கிட்டின் விலையில் பாதி அதற்குப் போனது. முதலில் நான்கு மூலையையும் சிலிக்கன் போட்டு இறுக்கி மூடினேன். அது பிழை. ஆறு மாதத்தில் வார்ப்பு நங்கூரத்தில் மா தூவியது போல் வெள்ளைப் பொடி. ஈயம் கலந்த வார்ப்புகள் இப்படி ஆகும். மரத்திலிருந்தும் கம்மிலிருந்தும் வரும் அமில ஆவி வெளியேற வழியில்லாமல் ஈயத்தைத் தின்கிறது. அந்தப் பொடி நஞ்சு, வெறுங்கையால் தொடவோ ஊதவோ கூடாது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மிகக் கவனம். நங்கூரத்தை ஈரத்துணியில் சுற்றி அப்புறப்படுத்திவிட்டு, மரத்தில் வேறொன்று செதுக்கினேன். பெட்டியின் அடியில் இரண்டு பக்கமும் துளை போட்டு மெல்லிய வலை ஒட்டினேன். உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பெட்டி மூச்சு விட வேண்டும், ஆனால் உப்புக்காற்று நேரே அடிக்கவும் கூடாது. கடல் பக்கச் சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றிய பிறகு துருவும் குறைந்தது.

இவ்வளவு குறை சொன்னாலும் திரும்ப வாங்குவீர்களா என்று கேட்டால், ஓம். வெட்டிய துண்டுகள் சரியாகப் பொருந்தின, வரைபடம் தெளிவு, மரத்தில் வீண் போனது மிகக் குறைவு. பெட்டியில் வரும் நூலையும் ஆணியையும் ஒதுக்கிவிட்டு, நல்லதை வெளியில் வாங்குகிறவருக்கு இது அருமையான கிட். ஒரு வருடத்துக்கு மேல் பொறுமை உள்ளவர் எடுக்கலாம். விடுமுறை ஒரு மாதத்தில் முடிக்க நினைப்பவர் வேண்டாம்.

இனி வேறொரு கதை. புளூநோஸின் கடைசிப் பந்தயம் 1938 ஒக்டோபரில், அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக் கப்பலான கேர்ட்ரூட் எல். தெபோவோடு நடந்தது. புளூநோஸ் வென்றது. இதை வாசித்தபோது குளொஸ்டர் என்ற பெயரில் கண் நின்றது. அதே 1938 ஓகஸ்டில், அதே குளொஸ்டருக்கு, வல்வெட்டித்துறையில் கட்டிய ஒரு கப்பல் பாய் விரித்து வந்து சேர்ந்திருந்தது. அன்னபூரணி. இரண்டு பாய்மரம், 89 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரில் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கொண்டுபோனது. இரண்டு மாத இடைவெளியில் ஒரே கரையில் இரண்டும் பேசப்பட்டிருக்கின்றன. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது அவருக்குப் புதினமில்லை. "அன்னபூரணியை எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும்" என்றார். புளூநோஸைத்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

அன்னபூரணிக்கு யாரும் கிட் போடப்போவதில்லை. ஆகவே சலாகைகளை நானே அறுப்பிக்கிறேன். வெளிப்பலகை வேம்பில். மொரட்டுவையில் ஒரு தளபாடப் பட்டறையில் ஒன்றரை மி.மீ. தடிப்பில் அறுத்துத் தந்தார்கள். வாசம் இன்னும் போகவில்லை. பழைய படங்களைப் பார்த்து வங்குகளை வரைந்துகொண்டிருக்கிறேன், ஏரா வெட்டியாகிவிட்டது. போன கிழமை அம்மா அதைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். பிறகு திருப்பித் தந்து சொன்னார்:

"தம்பி, முடிச்சுப் பெயர் எழுதேக்க அன்னபூரணி எண்டு மட்டும் எழுது. மற்றப் பெயர் வேண்டாம்."