நியூயார்க்கில் விலை எழுதி மாட்டாத ஹாட் டாக் வண்டியில் வாங்காதீர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து நியூயார்க் சுற்றிக்காட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் எங்களுக்கு நடந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நாங்கள் இருப்பது நியூயார்க்குக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் தங்கிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை பாத் ரயிலில் ஏறி வேர்ல்ட் டிரேட் சென்டரில் இறங்கினோம். 2001 தாக்குதலில் இடிந்த கோபுரங்கள் நின்ற இடத்தில் இரண்டு பெரிய நீர்க்குளங்கள், அவற்றைச் சுற்றி வெண்கலத் தகட்டில் இறந்துபோன 2,983 பேரின் பெயர்கள். அப்பா தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் நகர மாட்டார். ஒரு குளத்தைச் சுற்றி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, நல்ல வெயில், எல்லோருக்கும் பசி.

தெருவோரத்தில் குடை விரித்த வண்டிகள் வரிசையாக நின்றன. "டிவியில எல்லாம் காட்டுவாங்களே, அது என்ன, அந்த ரொட்டிக்குள்ள வச்சுத் தருவாங்களே" என்று அப்பாதான் ஆசைப்பட்டார். அம்மாவுக்குச் சனிக்கிழமை அசைவம் கிடையாது. அப்பா கோழி, ஆடு, மீன் சாப்பிடுவார், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். அதனால் முதல் வண்டிக்காரரிடம் போய், ஹாட் டாக் சிக்கனா என்று கேட்டேன். "சிக்கன், சிக்கன், நோ ப்ராப்ளம்" என்றார். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதே பதில். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒரு ப்ரெட்சல் (முறுக்கு வடிவ ரொட்டி), மூன்று தண்ணீர் பாட்டில். பன்னைப் பிளந்து, தண்ணீரில் கிடந்த சாசேஜை இடுக்கியால் எடுத்து வைத்து, மேலே வெங்காயமும் மஸ்டர்டும் போட்டு, நான் பர்ஸைத் திறப்பதற்குள் அப்பா கையில் கொடுத்துவிட்டார். அப்பா ஒரு வாய் கடித்த பிறகுதான் விலை சொன்னார்: 62 டாலர்.

காதில் தப்பாக விழுந்தது என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். ஹாட் டாக் 18, ப்ரெட்சல் 11, தண்ணீர் 5 என்று விரலை மடக்கிக் கணக்கு சொன்னார். இங்கே சாதாரண வண்டியில் ஹாட் டாக் நாலைந்து டாலர், தண்ணீர் ஒன்றிரண்டு டாலர். எல்லாம் சேர்த்து இருபது டாலர் பக்கம் வரவேண்டிய சாப்பாடு. "எங்கே விலை எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு, இது பெரிய சைஸ், ஸ்பெஷல் என்றார். பின்னால் வரிசையில் ஆட்கள். அப்பா கையில் பாதி ஹாட் டாக். அம்மா என் முழங்கையைப் பிடித்து, "வாக்குவாதம் வேண்டாம்டி, குடுத்துட்டு வா" என்கிறார். வண்டிக்காரர் கார்டு மெஷினைத் தன் பக்கம் திருப்பி வைத்து ஏதோ தட்டிவிட்டு என் முன்னால் நீட்டினார். நான் கார்டை வைத்தேன். நாலு அடி நடந்ததும் பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது: 74 டாலர் 40 சென்ட். இருபது சதவீதம் டிப்ஸை அவரே போட்டுக்கொண்டிருக்கிறார்.

திரும்பிப் போய்க் கேட்டேன். நீதான் அமுக்கினாய் என்றார். ரசீது கேட்டேன், மெஷினில் பேப்பர் இல்லை என்றார். இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா சும்மா நிற்கவில்லை. வண்டிக்கு அடியில் காலியாகக் கிடந்த அட்டைப்பெட்டியைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை, பெரிய எழுத்தில் பீஃப் என்று போட்டிருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. மிச்சத்தை டிஷ்யூவில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்த ஐந்து டாலர் தண்ணீரில் நாலு தடவை வாய் கொப்பளித்தார். "விடும்மா, தெரியாமத்தானே" என்று சொன்னதோடு சரி, வீடு வரும்வரை ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களை நான் ஒரு குறையும் சொல்லவில்லை. என் தோழிகளில் பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள், அது அவரவர் விருப்பம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி, எழுபது வயது மனிதர் வாழ்நாள் முழுக்கத் தொடாத ஒன்றை அவர் வாயில் வைக்கச் செய்தது அநியாயம்.

என் பக்கமும் தப்பு இருக்கிறது. ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க் ஹாட் டாக் என்றாலே பெரும்பாலும் முழுக்க மாட்டிறைச்சிதான். அதற்குக் காரணமும் உண்டு. இந்த நகரத்தில் இதை வளர்த்தவர்களில் பெரும்பங்கு யூதக் கறிக்கடைக்காரர்கள். அவர்கள் மதத்தில் பன்றி கூடாது என்பதால் மாட்டை வைத்தே செய்தார்கள், அதுவே ஊரின் ருசியாக நின்றுவிட்டது. ஹலால் என்று எழுதிய வண்டியிலும் ஹாட் டாக் பெரும்பாலும் மாடுதான். ஹலால் என்ற சொல்லைப் பார்த்து நம்மில் பலர் சிக்கன் என்று எண்ணிக்கொள்கிறோம், அது இஸ்லாமிய முறைப்படி ஆகுமான உணவு என்பதைத்தான் சொல்கிறது, எந்தக் கறி என்பதை அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் சிக்கன் ஹாட் டாக் பாக்கெட் கிடைக்கும். தெரு வண்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள். யாராவது சிக்கன் என்று சொன்னால் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். நியூயார்க்கில் உணவு விற்கும் ஒவ்வொரு வண்டியும் விலையைக் கண்ணில் படும்படி எழுதி வைத்திருக்க வேண்டும். விற்பவர் லைசென்ஸை அணிந்திருக்க வேண்டும், வண்டிமீது நகரம் கொடுத்த பெர்மிட் ஒட்டியிருக்க வேண்டும். உணவகங்களுக்குப் போலவே வண்டிகளுக்கும் சுகாதாரத் துறை ஏ, பி, சி என்று கிரேடு ஒட்டுகிறது. இதில் எதுவும் நான் அன்று பார்க்கவில்லை. நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பெர்மிட் எண் இருக்கிறதா, படம் இருக்கிறதா என்றார். என்னிடம் இருந்தது அப்பா எடுத்த ஒரு போட்டோ, அதில் வண்டியின் ஓரம் மட்டும்தான் விழுந்திருந்தது. எண் இல்லாமலே புகாரைப் பதிந்துகொண்டார்கள், இதுவரை பதில் இல்லை. பேங்கும் கைவிரித்துவிட்டது. கார்டு என் கையிலிருந்தது, நானே வைத்தேன், அதனால் மோசடி என்று எடுத்துக்கொள்ள முடியாதாம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வண்டியை முன்பக்கமாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் திரையில் மொத்தத் தொகையை உங்கள் கண்ணால் பார்க்காமல் கார்டைக் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள். தெரு வண்டிக்கு என்றே சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வண்டிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலிலும் பனியிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்று சம்பாதிக்கிறவர்கள் அவர்கள். பெரும்பாலும் நம்மைப்போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். 1983-இல் நகரம் வண்டி பெர்மிட்டுகளுக்கு ஏறக்குறைய மூவாயிரம் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு வந்தவர்களுக்குப் பெர்மிட் கிடைக்காமல், ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் திருட்டுத்தனமாக வாடகைக்கு எடுக்கவேண்டிய நிலை. நகரத்துக்குக் கட்டவேண்டிய கட்டணம் சில நூறு டாலர், கள்ளச்சந்தையில் இரண்டு வருடத்துக்கு 25,000 டாலர் வரை போனது. 2021-இல்தான் ஆண்டுக்கு 445 புதிய அனுமதிகள் தருவதாகச் சட்டம் போட்டார்கள். சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலை அருகே ஒரே ஒரு வண்டி நிற்க, 2013 வாக்கில் ஒருவர் பூங்காத் துறைக்கு வருடம் 2,89,500 டாலர் கட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுமை எனக்குப் புரிகிறது. ஆனால் அதே சுமையோடு, நாலு டாலர் என்று எழுதி மாட்டி, நாலு டாலருக்கே விற்கிறவர்கள் அடுத்தடுத்த தெருக்களில் நிற்கிறார்கள். வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் வண்டி போட்டுத் தோசை சுட்ட யாழ்ப்பாணத்துக்காரர் திரு குமார், 2007-இல் இந்த ஊரின் தெருவோர உணவுக்காரர்களுக்கான வென்டி விருதையே வாங்கியவர். வண்டிச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படி ஒரு மரியாதை உண்டு. அதைக் கெடுப்பது சுற்றுலாக்காரர்கள் கூடும் நாலைந்து இடங்களில் நிற்கும் சிலர்தான்.

என் ஆபீஸில் இந்தக் கதையைச் சொன்னதும் நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "அங்கே யார் வாங்குவார்கள்?" என்றார்கள். பிறகு மதிய இடைவேளை முழுக்க, எங்கே போயிருக்க வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. ஒருவருக்கு 72-ஆம் தெருவும் பிராட்வேயும் சேரும் முனையில் இருக்கும் கிரேஸ் பப்பாயா கடைதான் எல்லாம். தண்ணீரில் போடாமல் தட்டையான கல்லில் வாட்டித் தருவதால் தோல் மொறுமொறுவென்று இருக்கும், கூடவே பப்பாளி ஜூஸ். உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். ஆனால் சுவர் முழுக்க விலை எழுதியிருக்கும். இன்னொருவர், நியூயார்க்கின் கடற்கரைப் பகுதியான கோனி ஐலண்ட் கட்சி. போலந்திலிருந்து வந்த நேதன் ஹேண்ட்வெர்க்கர் 1916-இல் அங்கே கடை போட்டபோது, அவர் முன்பு வேலை பார்த்த ஃபெல்ட்மன் கடையில் ஒரு ஹாட் டாக் பத்து சென்ட். இவர் ஐந்து சென்ட் என்று வைத்துத்தான் கூட்டத்தை இழுத்தார். விலையைச் சொல்லி வளர்ந்த வியாபாரம் இது என்று அந்த ஆபீஸ்காரர் சொன்னபோது, எனக்கு அந்த வண்டி ஞாபகம் வந்து இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜெர்சிக்காரர்களுக்குத் தனிக் கட்சி. கிளிஃப்டனில் 1928-இலிருந்து இருக்கும் ரட்ஸ் ஹட்டில் ஹாட் டாக்கை எண்ணெயில் போட்டுத் தோல் வெடிக்கும்வரை பொரிப்பார்கள், அதற்கு ரிப்பர் என்றே பெயர். மேலே அவர்களே செய்யும் மஞ்சள் ரெலிஷ், தொக்கு மாதிரி ஒன்று. இந்தக் கடைகளிலும் பெரும்பாலும் மாடுதான், சில இடங்களில் பன்றியும் கலந்திருக்கும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். மாடு சாப்பிடாதவர்களைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் மன்ஹாட்டனில் 53-ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சேரும் இடத்தில் நிற்கும் ஹலால் கைஸ் வண்டி சரியாக வரும். 1990-இல் ஹாட் டாக் வண்டியாகத் தொடங்கி, முஸ்லிம் டாக்ஸி டிரைவர்கள் வயிறாரச் சாப்பிடட்டும் என்று கோழியும் சோறுமாக மாறியவர்கள். கோழி கண்ணுக்கு முன்னால் கல்லில் கிடக்கும், சந்தேகத்துக்கே இடமில்லை. சைவத்துக்குக் கொண்டைக்கடலை வடை மாதிரியான ஃபலாஃபல் இருக்கிறது. அன்றைக்கு இன்னும் அரை மணி நேரம் பசியைப் பொறுத்துக்கொண்டு அங்கே போயிருக்கலாம்.

டைனர்கள் என்கிற சாதாரண அமெரிக்கச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விருந்தினர் வந்தால் நாம் அடுத்துப் போவது அங்கேதான். அமெரிக்காவில் டைனர்கள் மிக அதிகமாக இருக்கும் மாநிலம் நியூ ஜெர்சி. எந்த நேரத்திலும் முட்டையும் பான்கேக்கும் கிடைக்கும், பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி காரமில்லாமல் செய்து தருவார்கள், உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடங்கள். ஆனால் போன வருடம் ஏழு பேராக ஒரு டைனருக்குப் போனபோது, பில்லிலேயே 18 சதவீதம் டிப்ஸ் சேர்த்திருந்தார்கள். சொல்லவில்லை. கார்டு சீட்டில் டிப்ஸ் கோடு காலியாக இருந்ததால் நான் மறுபடி 20 சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிப்ஸ் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்ற மத்திய அரசு விதி 1991-இலிருந்து மாறவே இல்லை. நியூ ஜெர்சியில் அதைவிடக் கூடுதல் என்றாலும், டிப்ஸை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு. இரண்டு தடவை வாங்கினதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். பில்லின் கடைசி மூன்று வரிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நேற்று அப்பாவை எங்கள் வீட்டுப் பக்கத்தில் டோனெல் அவென்யூவில் இருக்கும் ஒயிட் மனாவுக்குக் கூட்டிப்போனேன். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்திருந்த வட்டமான சின்ன டைனரை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து வைத்தது அது. அப்பா உள்ளே வந்ததும் உட்காரவில்லை. சுவரில் இருந்த மெனுவை மேலிருந்து கீழ்வரை, விலையோடு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "உருளைக்கிழங்கு வறுவலும் காபியும் மட்டும் போதும்மா" என்றார்.