மலை மறைக்காத ரேடியோ: வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டியும் அதைச் செய்த வக்கீலும்

பழைய வேர்ல்ட்ஸ்பேஸ் செய்மதி ரேடியோ ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அந்தப் பெட்டியோடு மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவன் நான், எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) அதைப் போல எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வைத்த சாமான் வேறெதுவும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம். அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை. பெரியப்பா குடும்பம், மலையகத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்து, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிப் போய் நீலகிரியில் கோத்தகிரியில் தங்கிவிட்டது. அங்கேயும் தேயிலை, அங்கேயும் பனி, அங்கேயும் மலைதான். 2006இல் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், முதல்தடவை ஊர் பார்க்க வந்தபோது கையில் கொண்டுவந்த பெட்டி அது. சந்தாவையும் அங்கேயே கட்டிவிட்டு வந்திருந்தார்.

மலையில் ரேடியோ கேட்பது என்ன பாடு என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எப்.எம். நேர்கோட்டில் வரும் அலை, நடுவில் ஒரு மலை நின்றால் போச்சு. மேல் டிவிஷனில் கணீரென்று கேட்கும் பாட்டு, ஒரு மைல் இறங்கிப் பள்ளத்து லயத்துக்கு வந்தால் இரைச்சலாகிவிடும். மத்திய அலை வரும், ஆனால் ராத்திரியானால் இரண்டு மூன்று நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். செய்தி வாசிப்பவரின் பாதி வாக்கியத்தில் வேறு நாட்டுப் பாட்டு நுழையும். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார்.

செய்மதி ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆசியாஸ்டார் என்ற செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கு 105 பாகையில் நின்றது. இங்கிருந்து பார்த்தால் கிழக்கே கொஞ்சம் தெற்காகத் தள்ளி, தரையிலிருந்து 60 பாகை உயரத்தில். காலை பத்து மணிக்கு வெயில் முகத்தில் அடிக்குமே, கிட்டத்தட்ட அந்த உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மேலே இருப்பதை மறைக்க எங்கள் பக்கத்து மலைகளுக்கு உயரம் போதாது. பனிமூட்டமும் மழையும் எல்-பாண்ட் என்ற அந்த அலைவரிசையின் அலையை அவ்வளவாகத் தடுக்காது. தகரக் கூரை மட்டும் தடுக்கும். ஆகவே பெட்டி உள்ளே, ஆன்டெனா வெளியே.

அந்த ஆன்டெனா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டைப் பலகை, தனியாகக் கழற்றி வயரில் நீட்டலாம். முதல்நாள் அண்ணன் அதை இஸ்தோப்புத் (முன் திண்ணை) தூணில் சாக்குத் தைக்கிற கயிற்றால் கட்டினார். அப்பா உள்ளே குந்தி, திரையில் ஏறும் சிக்னல் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டு... ரெண்டுதான்... இன்னும் கொஞ்சம் நிமித்து... ஆ, நாலு, விடு விடு, தொடாத!" தட்டை ஒரு விரல் சரிந்தால்கூடக் கோடு இறங்கிவிடும். கோடு நின்றுவிட்டால் சத்தம் அப்படியே கண்ணாடி மாதிரி. கரகரப்பு கிடையாது, நிலையம் விலகாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் மௌனம். அப்பாவுக்கு முதலில் அந்த மௌனம்தான் பிடிபடவில்லை, இரைச்சல் இல்லாமல் நின்றால் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துத் தட்டுவார்.

நாற்பதுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் இருந்தன. எங்களுக்கு வேண்டியது இரண்டு. தமிழ்ப் பாட்டுக்கு கேஎல் ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி. பெரியப்பா வீட்டிலும் இதே பெட்டி. ஒரு ராத்திரி பழைய பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தபோது அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அண்ணனும் இந்நேரம் இதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாரு" என்றார். முப்பது வருடமாகக் கடிதத்திலும் எப்போதாவது ஒரு தொலைபேசி அழைப்பிலும் மட்டும் இருந்த உறவு அது. அதற்குப் பிறகு பாட்டு நடக்கும்போது யாரும் பேசினால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

சரி, இதைச் செய்தவர் யார் என்று நான் தேடிப் படித்தது வெகு காலம் கழித்துத்தான். நோவா சமாரா, எதியோப்பியாவில் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். அமெரிக்காவில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, செய்மதித் தொலைத்தொடர்புச் சட்டத்தில் வேலை பார்த்த சட்டத்தரணி. ஆபிரிக்காவில் எய்ட்ஸ் எப்படிப் பரவுகிறது என்ற விபரம்கூட மக்களுக்குப் போய்ச் சேராமல் சாகிறார்கள் என்று பத்திரிகையில் படித்ததுதான் தொடக்கம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பத்திரிகை போகாது, வாசிக்கத் தெரியாது, மின்சாரம் இல்லை, சிற்றலையில் இரைச்சல். அப்படியென்றால் வானத்திலிருந்து நேரே கைப்பெட்டிக்குப் பேச வேண்டும் என்று 1990இல் கம்பனியைத் தொடங்கினார்.

என்னைப் பிடித்து நிறுத்திய இடம் இதற்கு அடுத்தது. செய்மதி செய்யும் முன்னால் அந்த அலைக்கு உலகச் சட்டத்தில் இடம் வேண்டும், இல்லாவிட்டால் எந்த நாடும் விடாது. 1992இல் ஸ்பெயினின் டொரெமொலினோஸில் கூடிய உலக வானொலி மாநாட்டில் 1452 முதல் 1492 மெகாஹேர்ட்ஸ் வரையான துண்டு டிஜிட்டல் ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டது. அதற்காக ஓடியாடி வாதாடியவர்களில் சமாராவும் ஒருவர். எங்கள் ஊரில் சட்டம் படித்தவர்கள் காணி உறுதிக்கும் பிரஜாவுரிமைக்கும் வாதாடியதைப் பார்த்திருக்கிறோம். வானத்தில் ஒரு துண்டுக்காக ஒருவர் ஃபைல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு பணம் திரட்டி, ஆபிரிக்காவுக்கு 1998 ஒக்டோபரில் ஆப்ரிஸ்டார், நமக்கு 2000 மார்ச்சில் ஆசியாஸ்டார். இரண்டும் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏறின. செய்மதியை ஓரிடத்தில் நிற்பதுபோல் நிறுத்தி ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே விளக்கி எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அப்போது கொழும்பில்தான் குடியிருந்தார். சமாரா தனியாக ஒரு அறக்கட்டளையும் வைத்து, செய்மதியின் கொள்ளளவில் 5 சதவீதத்தைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கினார். கென்யாவில் ஆரம்பப் பாடசாலைகளுக்கு அந்த வழியாகப் பாடங்கள் போயின. சம்பாதித்து முடித்துவிட்டுத் தர்மம் செய்பவர்கள் உண்டு, இவர் வியாபாரத்தின் திட்டத்திலேயே தர்மத்துக்கு ஒரு பங்கை எழுதி வைத்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் மதிப்புரை என்றால் விலையைப் பேச வேண்டும். ஆரம்பப் பெட்டிகள் 200 டொலருக்கு மேல். டொலர் நூறு ரூபா அளவில் நின்ற காலத்தில் அது 20,000 ரூபா. தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 285 ரூபாவைத் தொட்டதே 2009இல்தான். அந்தக் கணக்கில்கூட எழுபது நாள் கொழுந்தெடுத்தால்தான் பெட்டி. இந்தியாவில் பின்னால் விலை நன்றாக இறங்கியது, ஆனால் வருடச் சந்தா வந்துவிட்டது. யாரை நினைத்து அந்த மனிதர் தொடங்கினாரோ அவர்களால் வாங்க முடியாத பெட்டியாகவே அது கடைசிவரை இருந்தது. எங்கள் வீட்டுக்கும் அது அண்ணன் கொடுத்ததுதான், நாங்கள் வாங்கியதில்லை.

இன்னொரு விஷயம், இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு சர்வோதயம் என்ற தொண்டு அமைப்பும் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் கரையோரக் கிராமங்கள் 32இல் ஒரு சோதனை நடத்தின. எச்சரிக்கையைக் கிராமத்துக்குக் கடைசி மைல் வரை எப்படிக் கொண்டுபோவது என்பது கேள்வி. அதில் சோதித்த கருவிகளில் ஒன்று வேர்ல்ட்ஸ்பேஸ் செய்மதி வழியாக இயங்கும் எச்சரிக்கை ரேடியோ. குறிப்பிட்ட ஓரிடத்துப் பெட்டிகளுக்கு மட்டும் செய்தி அனுப்பலாம். கடலோரத்துக்கு அது சரிதான். ஆனால் செல்போன் கோபுரம் எட்டாத, ரேடியோ ஏறாத பள்ளத்து லயங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எது? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அங்கிருந்து எழும்பச் சொல்லி எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்றார்கள். போக இடம் கொடுக்காத எச்சரிக்கையால் என்ன பயன் என்பது உண்மை, ரேடியோ வீடு கட்டித் தராது. ஆனாலும் அந்த மலை அசைந்த நிமிடத்தில் இஸ்தோப்பில் ஒரு பெட்டி அலறியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பராமரிப்பு பற்றிக் கேட்டால், உறுதியான பெட்டி. மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பழுது. ஆன்டெனா வயர் பொருந்தும் முனை ஆடியது. டவுனில் ஒரு திருத்தும் கடையில் கொடுத்தோம், அவர் இதை டிவி ஆன்டெனா என்று நினைத்து முனையை வெட்டிவிட்டு வேறொன்றைப் பொருத்தி, 600 ரூபாவும் வாங்கிக்கொண்டார். கோடு ஒன்றுக்கு மேல் ஏறவே இல்லை. கடைசியில் அண்ணன் கோத்தகிரியிலிருந்து வேறு வயர் அனுப்பி, அது வந்து சேர ஆறு கிழமை.

2005இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன கம்பனி 2008 ஒக்டோபரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31இல் நின்றது. அன்று ராத்திரி எங்கள் லயத்தில் மற்ற வீடுகளில் புதுவருடப் பட்டாசு. அப்பா வழக்கமான இடத்தில் குந்தியிருந்தார். பாட்டு நின்றதும் பெட்டியைத் தட்டினார், பழைய பழக்கம். அப்புறம் வெளியே போய் ஆன்டெனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆக, தம்பிக்கு மறுபடியும்: செய்மதிக்காக வாங்காதீர்கள், மேலே இப்போது உங்களோடு பேச யாருமில்லை. எப்.எம். வாங்கும் மொடலாக இருந்து, ஸ்பீக்கர் கிழியாமல் இருந்தால், ஆயிரம் ரூபாவுக்குள் கிடைத்தால் எடுக்கலாம், ஒலி இன்றைய மலிவுப் பெட்டிகளைவிட நன்றாக இருக்கும். ஆன்டெனா இல்லாமல் விற்றாலும் பரவாயில்லை. எங்களுடைய ஆன்டெனா மட்டும் இன்னும் தூணில்தான் இருக்கிறது. கயிறு இரண்டு தடவை இற்று விழுந்தது, இரண்டு தடவையும் அப்பாதான் திரும்பக் கட்டினார், கிழக்குப் பார்த்து.