கிரீமைச் சோதிக்கக் கொடுத்த ஆய்வகம்: என் அனுபவம்

சின்ன அளவில் கற்றாழை கிரீம் செய்கிறேன், விற்கும் முன் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். அறிக்கையில் ரொம்பப் பிடித்தது, வெறும் 'தேர்ச்சி' என்று முடிக்காமல் நுண்ணுயிர்களின் எண்ணிக்கையையும் அதற்கான வரம்பையும் அருகருகே போட்டிருந்ததுதான். அழகுப்பொருட்களில் நுண்ணுயிர் வரம்பைச் சொல்லும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17516 படி சாதாரண கிரீமில் கிராமுக்கு 1000 நுண்ணுயிர் வரை இருக்கலாம், கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 100 தான். சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை, கேண்டிடா ஆகிய நான்கு கிருமிகளும் 1 கிராமில் தென்படவே கூடாது.

என் முதல் தொகுதியில் சூடோமோனாஸ் வந்துவிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள், பச்சையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. "முதலில் தண்ணீரைப் பாருங்க மேடம்" என்றார் அங்கிருந்த பெண். அவர் சொன்னது சரி, வடிகட்டியின் குழாய்க்குள் விரல் விட்டால் வழவழவென்று இருந்தது. குழாயை மாற்றி, தண்ணீரைக் கொதிக்கவைத்துச் செய்த அடுத்த தொகுதி சுத்தமாக வந்தது.

குறையும் உண்டு. கிரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்தி (preservative) தாக்குப்பிடிக்கிறதா என்று வேண்டுமென்றே கிருமியைக் கலந்து பார்க்கும் சோதனைக்கு 28 நாள் ஆகும் என்பதை மாதிரியை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொன்னார்கள். பாதரசம், ஈயம் பார்ப்பது தனிக் கட்டணம் என்பதும் பில் வந்த பிறகே தெரிந்தது. கொடுக்கும்போதே இரண்டையும் கேட்டுவிடுங்கள். அப்புறம், திறக்காத டப்பாவையே கொடுங்கள்.