உப்பு தயாரிக்க எந்த வழி: கரையாத காரமா, தரம் பார்த்தலா?

அமிலமும் காரமும் வினைபுரிந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று பள்ளி வேதியியல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த உப்பைக் கலப்பில்லாமல் பிரித்தெடுக்க முனையும்போதுதான், சேர்த்த இரண்டில் எது மிஞ்சியது, மிஞ்சியதை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி எழுகிறது. ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்யப்படும் இரண்டு முறைகளையும் இந்தக் கேள்வியைக் கொண்டே எடைபோட வேண்டும்.

முதல் முறையில் நீரில் கரையாத காரத்தை வேண்டுமென்றே மிகையாகச் சேர்க்கிறோம். மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1 மோலார் சல்பியூரிக் அமிலம் 20 மி.லி. எடுத்தால், அதில் உள்ள 0.02 மோல் அமிலத்துக்குக் கணக்குப்படி சுமார் 1.6 கிராம் காப்பர் ஆக்சைடு போதும். நாம் 2 கிராம் எடுத்துக்கொள்கிறோம். மிதமாகச் சூடாக்கிய அமிலத்தில் அந்தக் கரிய தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினால் கரைசல் நீலமாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தூள் கரையாமல் முகவையின் அடியில் தங்கிவிடும். அமிலம் தீர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. நிறம் மாறி முடிவைக் காட்டும் நிறங்காட்டி எதுவும் தேவையில்லை. மிஞ்சிய தூள் வடிதாளில் நின்றுவிட, தெளிந்த நீலக் கரைசல் மட்டும் கீழே இறங்குகிறது.

அதன் பிறகுதான் பொறுமை வேண்டும். கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் ஆவியாக்கும்போது, கண்ணாடிக் கோலை நனைத்து வெளியே எடுத்தால் அதன் நுனியில் நுண்படிகங்கள் தோன்றும் பதம் வந்தவுடன் சூடாக்குவதை நிறுத்திவிட வேண்டும். முழுவதும் வற்றவிட்டுத் தொடர்ந்து சூடாக்கினால் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் படிக நீரும் போய், நீலப் படிகத்துக்குப் பதிலாக வெண்ணிறத் தூளே மிஞ்சும். ஆறவிட்டு வைத்தால், கணக்கு தரும் உச்ச அளவான 5 கிராமைவிடச் சற்றுக் குறைவாக அழகிய நீலப் படிகங்கள் கிடைக்கும்.

ஆக்சைடுக்குப் பதில் காப்பர் கார்பனேட்டைப் பயன்படுத்தினால் சூடாக்க வேண்டியதில்லை. நுரைப்பு நிற்பதே முடிவைக் காட்டும். ஆனால் அவசரப்பட்டுக் கொட்டினால் நுரை பொங்கி வழியும். காப்பர் உலோகம் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தோடு வினைபுரியாது என்பதால் அந்த வழி இங்கு உதவாது.

இந்த முறைக்கு எல்லை உண்டு. சுண்ணாம்புக்கல் துண்டுகளைச் சல்பியூரிக் அமிலத்தில் இட்டால், உண்டாகும் கால்சியம் சல்பேட் அவற்றின் மேல் படலமாகப் படிந்து வினையைத் தடுத்துவிடுகிறது. சோடியம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடுகளோ நீரில் கரையும் எரிகாரங்கள். அவை மிஞ்சினால் வடிதாள் எதையும் பிடித்து நிறுத்தாது.

அங்கேதான் தரம் பார்த்தல், அதாவது ஒரு கரைசலை அளந்து சேர்த்து வினை முடியும் சரியான அளவைக் கண்டறியும் முறை, தேவைப்படுகிறது. பிப்பெட்டால் 25 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறோம். முடிவு நெருங்கும்போது ஒவ்வொரு துளிக்கும் இளஞ்சிவப்பு ஒரு கணம் மறைந்து, குடுவையைச் சுழற்றியதும் திரும்பி வரும். பிறகு ஒரே துளியில் அது திரும்பி வராமல் போகும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு, நிறங்காட்டி இல்லாமல் அதே அளவுகளில் மீண்டும் கலந்து ஆவியாக்கினால் சோடியம் குளோரைடு கிடைக்கும்.

துல்லியத்தில் இம்முறைக்கு நிகரில்லை. ஆனால் முடிவை அறிய வெளியிலிருந்து ஒரு நிறங்காட்டியின் உதவி தேவைப்படுகிறது, அதையும் ஆராய்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நடுநிலையாக்கல் என்றாலே கரைசலின் pH (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நடுநிலையான 7 ஆகிவிடும் என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் முழுமையாக நடுநிலையாக்கினால் கிடைக்கும் சோடியம் அசிட்டேட் கரைசல் காரத்தன்மை உடையது. ஆகவே pH சுமார் 8.2 முதல் 10 வரை நிறம் மாறும் பினாப்தலீன் அங்குப் பொருந்தும், 3.1 முதல் 4.4 வரை மாறும் மெத்தில் ஆரஞ்சு, வினை முடிவதற்கு வெகு முன்னரே நிறம் மாறி ஏமாற்றிவிடும்.

பிழையின் விளைவும் எல்லா உப்புகளுக்கும் ஒன்றல்ல. சோடியம் குளோரைடு தயாரிப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓரிரு துளி கூடினால், உலரும் வரை ஆவியாக்கும்போது அது நீராவியோடு வெளியேறிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு மிஞ்சினால் உப்போடேயே தங்கிவிடும். சோடியம் சல்பேட்டில் இந்தச் சலுகையும் கிடையாது. அங்கே சல்பியூரிக் அமிலம் கூடினால் சோடியம் ஹைட்ரஜன் சல்பேட் கலந்துவிடும்.

எனவே முதன்முதலாக உப்பு தயாரிக்கும் மாணவருக்கு நான் காப்பர் ஆக்சைடு முறையையே பரிந்துரைப்பேன். வினை முடிந்ததை அவர் கண்ணால் காண்கிறார், சிறு பிழை உப்பைக் கெடுப்பதில்லை. தரம் பார்த்தலை, அளவறிதலைக் கற்பிக்கும் கட்டத்தில், முதலில் சோடியம் குளோரைடுக்கும் பிறகு சோடியம் சல்பேட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அம்மோனியம் சல்பேட்டுக்கு மட்டும் இரண்டுமே கட்டாயமில்லை: சல்பியூரிக் அமிலத்தில் அம்மோனியா கரைசலைச் சற்று மிகையாகவே சேர்க்கலாம், ஏனெனில் சூடாக்கும்போது மிஞ்சிய அம்மோனியா வாயுவாகப் போய்விடும். அந்த நெடி தாங்காது என்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.