ஆக்ஸ்போர்டா, கேம்பிரிட்ஜா? கதவு சாத்தியிருந்தாலும் ஏமாறாத ஊர் எது?

ஊரிலிருந்து பெற்றோர் லண்டன் வந்தால் மூன்றாவது வாரத்தில் இந்தக் கேள்வி எழுந்தே தீரும். அரண்மனை வாசல் பார்த்தாயிற்று, ஈஸ்ட் ஹாம் கோயில்களுக்குப் போயாயிற்று, இனி ஒரு நாள் வெளியூர். கும்பகோணத்தில் 32 ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவுக்குக் கேம்பிரிட்ஜ்தான். ராமானுஜன் இருந்த இடம். பதினொரு வயது மகனுக்கு ஆக்ஸ்போர்டுதான், ஹாரி பாட்டர். ஆறு வயது மகளுக்குப் படகு இருந்தால் போதும். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "எதில் நடை குறைவு?"

இரண்டு ஊர்களுக்கும் இவர்களை அழைத்துக்கொண்டு போய் வந்துவிட்டேன். அதில் கற்ற முதல் பாடம், இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல என்பதுதான். 'பல்கலைக்கழகம்' என்று ஒரு வாசல் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொன்றும் தனி மதில், தனி வாசல், தனிச் சட்டம் கொண்ட வீடு. உள்ளே பிள்ளைகள் குடியிருந்து படிக்கிறார்கள். தேர்வு, திருமணம், விருந்து என்று எதற்காகவும் கதவைச் சாத்துவார்கள். முதல் முறை போனபோது புளியோதரை டப்பாவும் கையுமாக ஒரு கல்லூரி வாசலில், 'இன்று பார்வையாளருக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்கு முன்னால் நின்றோம். அன்றிலிருந்து, எந்தக் கல்லூரி அழகு என்று நான் ஒப்பிடுவதில்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தால் அந்த நாளில் என்ன மிஞ்சும் என்றுதான் பார்க்கிறேன்.

போக்குவரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கேம்பிரிட்ஜுக்குக் கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் சுமார் 50 நிமிடம். ஆக்ஸ்போர்டுக்குப் பாடிங்டனிலிருந்து ஒரு மணி நேரம். ஆனால் கேம்பிரிட்ஜ் ரயில் நிலையம் ஊரின் ஓரத்தில் இருக்கிறது. நடுவூருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு பஸ் அல்லது டாக்சி. ஆக்ஸ்போர்டில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். விக்டோரியாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு 'ஆக்ஸ்போர்டு டியூப்' என்று ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. பெயரைக் கேட்டுப் பாதாள ரயில் என்று நினைத்துவிடாதீர்கள்; அது பஸ். ரயிலுக்கு 'ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' சலுகை அட்டை வாங்கிவிட்டால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். நால்வர் ஐவராகப் போகும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே பயணத்தில் அட்டையின் காசு திரும்பிவிடும்.

இனி கேம்பிரிட்ஜ். 1209-இல் ஆக்ஸ்போர்டில் ஊராருடன் சண்டை முற்றி ஓடிவந்த அறிஞர்கள் தொடங்கிய இடம். அந்தப் பங்காளிச் சண்டை இன்னும் தீரவில்லை. இங்கே 'கோர்ட்' என்கிற முற்றத்தை அங்கே 'குவாட்' என்பார்கள், படகு தள்ளுகிறவர் இங்கே ஒரு முனையில் நின்றால் அங்கே மறுமுனையில் நிற்பார்.

கேம் ஆறு கல்லூரிகளின் கொல்லைப்புறத்தில் ஓடுகிறது. கழி ஊன்றித் தள்ளும் தட்டையான 'பன்ட்' படகில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மாட்லின், செயின்ட் ஜான்ஸ், டிரினிட்டி, டிரினிட்டி ஹால், கிளேர், கிங்ஸ், குவீன்ஸ் என்று ஏழு கல்லூரிகளைப் பின்பக்கமாகப் பார்த்துவிடலாம். முன்வாசல் சாத்தியிருந்தால் என்ன? ஏழு வீட்டுக்கும் கொல்லை திறந்தே கிடக்கிறது. அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே வேண்டியிருக்கவில்லை. கிளேர் பாலத்தின் மேல் பதினான்கு கல் உருண்டைகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றில் மட்டும், தர்பூசணியில் கீற்று எடுத்ததுபோல் ஒரு துண்டு இல்லை. ஆற்றிலிருந்து பார்த்தால் தெரியாது, பின்பக்கமாகச் செதுக்கியிருக்கிறது. மகளைப் பாலத்துக்கு அழைத்துப் போய்த் தேட விட்டேன். ஊரில் அவளுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலம் வந்ததும் எங்கள் படகுக்காரர், நியூட்டன் ஆணி இல்லாமல் கட்டியது என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நியூட்டன் இறந்தது 1727-இல்; பாலம் கட்டியது 1749-இல். பன்ட் படகில் காட்சிகளை நம்பலாம், கதைகளைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டும் அப்படித்தான்: தெருவில் அட்டையை நீட்டும் இளைஞர்கள் சொல்லும் முதல் விலை கடைசி விலையாக இருக்க வேண்டியதில்லை.

காசு கொடுத்து உள்ளே போவதென்றால் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் ஒன்று போதும். 1446-இல் ஆறாம் ஹென்றி தொடங்கி, கட்டுமானம் முடிய 1515 ஆயிற்று. விசிறி விரித்ததுபோல் கல்லிலேயே செதுக்கிய கூரை. அந்த வகையில் உலகிலேயே பெரியது. அப்பா தலையை அண்ணாந்தபடி தூண்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். படி ஏற வேண்டியதில்லை என்பதை அம்மாவின் சார்பில் குறிப்பிட்டுவிடுகிறேன். அதன் பின்னால் புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ராமானுஜன் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. 1914 ஏப்ரலில் வந்தார், 1919 வரை இங்கிலாந்தில் இருந்தார், 1918-இல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ, அதாவது அதன் அறிஞர் குழு உறுப்பினர், ஆனார். அவர் தங்கியிருந்த ஹூவெல் கோர்ட், டிரினிட்டியின் பெரிய வாசலுக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது. இன்றும் மாணவர் குடியிருப்பு. சுற்றுலாப் பயணிகளுக்கான இடமல்ல. சைவச் சாப்பாட்டுக்காகத் தானே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்ட மனிதர், அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கோ ரசம் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு தெருவில் நிற்கலாம், அவ்வளவுதான். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று பெயர் பெற்ற அவருடைய கடைசிக் காலத் தாள்களை 1976-இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது இதே கல்லூரியின் ரென் நூலகத்தில். நூலகம் பார்வையாளருக்குத் திறப்பது குறுகிய நேரமே. கண்ணாடிப் பேழையில் அன்றைக்கு எது இருக்கும் என்பது அவர்கள் முடிவு. தெருவிலிருந்தே பார்க்கக்கூடியவை இரண்டு: வாசலுக்கு வலப்பக்கம் நியூட்டன் ஊர் ஆப்பிள் மரத்தின் ஒட்டுக்கன்று, வாசலுக்கு மேலே செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் காலைப் பிடித்திருக்கும் எட்டாம் ஹென்றி சிலை. மாணவர்களின் குறும்பு. மகன் சிரித்த ஒரே இடம்.

அவன் முகம் மலர்ந்தது ஆக்ஸ்போர்டில். கிரைஸ்ட் சர்ச் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தை மாதிரியாக வைத்துத்தான் ஹாரி பாட்டர் படங்களின் பெரிய கூடத்தை ஸ்டுடியோவில் கட்டினார்கள். கூடத்துக்கு ஏறும் படிக்கட்டில் நிஜமாகவே படம் எடுத்தார்கள். அதனால் கூட்டம் அதிகம், கட்டணமும் கூடுதல், முன்பதிவு அவசியம், அந்தப் படிக்கட்டு அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. காசுக்கு ஏற்ற இடமா என்றால், பிள்ளைகளுக்குப் பத்து வயதை ஒட்டி இருந்தால் ஆம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உருண்டைத் தொப்பி போட்ட காவலர்களை வாசலிலேயே பார்க்கலாம். பக்கத்துப் புல்வெளிக்குக் கட்டணமில்லை. அங்கேயும் மாடுகள், நீண்டு வளைந்த கொம்புகளுடன். வேலியோரம் உட்கார்ந்து புளியோதரையை முடித்தோம்.

சாத்திய கதவுச் சோதனையில் ஆக்ஸ்போர்டு தேறுவது ஆற்றால் அல்ல. மாட்லின் பாலத்தடியில் இங்கும் படகு உண்டு, ஆனால் மரமும் வாத்தும்தான் பார்க்கக் கிடைக்கும். இங்கே கைகொடுப்பவை கட்டணமில்லாத அருங்காட்சியகங்கள். பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பூண்டோடு அழிந்துபோன டோடோ பறவையின் தோலும் சதையும் ஒட்டிய தலை இருக்கிறது. உலகில் அப்படி மிஞ்சியது அது ஒன்றுதான். அறிவியலில் முதன்முதலாகப் பெயர் சூட்டப்பட்ட டைனோசரான மெகலோசாரஸின் தாடை எலும்பும் இங்கேதான். பெயர் வைத்த ஆண்டு 1824. அந்தக் கட்டடத்தின் பின்பக்கக் கதவைத் திறந்தால் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம். முகமூடி, ஓடம், தாயத்து, இசைக்கருவி என்று உலகத்துச் சாமான்களெல்லாம் மங்கிய வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கும், பழைய பாத்திரக் கடைப் பரண்போல. வெளியே மழை கொட்டிய இரண்டரை மணி நேரமும் பிள்ளைகள் ஒரு முறைகூட 'எப்போது வீட்டுக்குப் போவோம்' என்று கேட்கவில்லை. கேம்பிரிட்ஜிலும் விலங்கியல் அருங்காட்சியகம், ஃபிட்ஸ்வில்லியம் என்று நல்ல இடங்கள் உண்டு, கட்டணமும் இல்லை. ஆனால் ஃபிட்ஸ்வில்லியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கும்பகோணத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்று அவர்களிடம் இருந்தது. அது கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததற்கு 1957-இல் எடுத்த புகைப்படமே சாட்சியாக நின்றது. இந்தியாவுக்குத் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது.

தமிழ்க் குடும்பத்துக்கு ஆக்ஸ்போர்டில் நான் முதலில் காட்டுவது கல்லூரியே அல்ல. வால்டன் தெருவிலிருந்து ஒரு குறுகிய சந்து பிரிகிறது. முடிவில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். ஜி.யு. போப் அங்கே இருக்கிறார். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து, 1884 முதல் இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். 1886-இல் திருக்குறளையும், எண்பது வயதில், 1900-இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். 1908-இல் மறைந்தார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லறையில் எழுதச் சொன்னார் என்று நம் பள்ளிகளில் சொல்வது வழக்கம். அடுத்த வகுப்பில் தமிழ் ஐயா அதை ஆண்டுதோறும் முழங்கக் கேட்டவர் என் அப்பா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கல்லின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். அந்த வாசகம் இல்லை.

அங்கே வேறொன்று இருந்தது: இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு நாட்டினார்கள் என்று பொறித்திருக்கிறது. அப்பா அதை இரண்டாம் முறை படித்துவிட்டு, "ஐயா சொன்னதைவிட இது மேல்" என்றார். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, தேர்வு நாளென்று திருப்பி அனுப்புவதும் இல்லை. ராமானுஜனுக்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்தவர், போப்புக்காகக் கல்லைத் தொட முடிந்தது.

மாலையில் இரண்டு ஊருக்கும் பொருந்தும் ஒரு வழி. கல்வியாண்டு நடக்கும் நாட்களில் கல்லூரித் தேவாலயங்களில் 'ஈவன்சாங்' என்ற மாலை வழிபாடு நடக்கும். கேம்பிரிட்ஜில் கிங்ஸ், செயின்ட் ஜான்ஸ்; ஆக்ஸ்போர்டில் மாட்லின், நியூ கல்லூரி, கிரைஸ்ட் சர்ச். யாரும் போகலாம், கட்டணமில்லை. பகலில் காசு கொடுத்துப் பார்க்கும் அதே கூரையின் கீழ் முக்கால் மணி நேரம் சிறுவர்களும் பெரியவர்களும் பாடுவதைக் கேட்கலாம். படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது, எனவே ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலிலேயே சாப்பாடு கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பல, தேர்வுக்காகப் பார்வையாளரை விடுவதில்லை. ஆக்ஸ்போர்டில் அந்தப் பருவமே ஒரு காட்சி: கறுப்பு அங்கியில், முதல் தேர்வுக்கு வெள்ளை, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு, நடுவிலெல்லாம் இளஞ்சிவப்பு என்று கார்னேஷன் பூ குத்திக்கொண்டு மாணவர்கள் தெருவில் போவார்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆக்ஸ்போர்டு செயின்ட் மேரி கோபுரத்துக்கு 127 படி, கேம்பிரிட்ஜ் கிரேட் செயின்ட் மேரிக்கு 123. நான்கு படி வித்தியாசத்துக்காக ஊரை மாற்ற வேண்டாம்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் திட்டத்தோடு யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடிய நேர் ரயில் 1967 இறுதியில் நின்றுபோனது. லண்டன் வழியாகச் சுற்றிப் போனால் பகல் முழுவதும் ஜன்னலோரத்தில் கழியும்.

என் கணக்கு இது. வெயில் உறுதியான நாள், கூட வருபவர்கள் வயதானவர்கள் என்றால் கேம்பிரிட்ஜ். அந்தப் படகுக்கு ஆக்ஸ்போர்டில் ஈடு இல்லை. பிள்ளைகள் இருந்தால், வானம் கறுத்திருந்தால், அல்லது ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் ஆக்ஸ்போர்டு. அப்பா இதை ஏற்கவில்லை. ராமானுஜன் இருந்த தெருவில் நிற்பதே போதும் என்கிறார். மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம். தீர்ப்பு அம்மாவிடம் போயிற்று. எந்த ஊர் பிடித்தது என்று கேட்டேன்.

"மாடு மேய்ந்துகொண்டிருந்ததே, அந்த ஊர்" என்றார்.