25 லிட்டர் நீலக் கேன்: குழாய் இல்லாததையே வாங்குங்கள்

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகிலுள்ள டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரியை நம்பிக் கிடந்தது. டர்பன் ஹார்டுவேர் கடைகளில் 25 லிட்டர் நீலக் கேனுக்கு மவுசு ஏறியதில் வியப்பில்லை. நாள்பட்ட சேமிப்புக்கு அது தாங்குமா என்பதுதான் கேள்வி. கேன் தாங்கும்; அதோடு வரும் குழாய் தாங்காது.

முதலில் கேன். அடியைத் திருப்பிப் பாருங்கள்: முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணும், கோப்பையும் முள்கரண்டியும் போட்ட முத்திரையும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். பிறகு வாய்க்குள் ஃபோன் டார்ச்சை அடியுங்கள். வெளிச்சம் வெளியே நன்றாகத் தெரிந்தால் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும். அந்தக் கேனை இருட்டு அலமாரியில்தான் வைக்க முடியும். வெள்ளைக் கேனை விட கருநீலம் மேல்.

மூடியில் மாட்டி வரும் குழாய்தான் பெரிய குறை. மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்றுதான் மொத்தத் தண்ணீரையும் தடுத்து நிற்கிறது. தண்ணீரே 25 கிலோ. நகர்த்தும்போது குழாய் எங்காவது இடித்தால் வாஷர் புரண்டு சொட்டத் தொடங்கும். சொட்டுகிறதே என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். மரையில் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையாலேயே இறுக்குவது போதும். குழாயின் மூக்கில் தங்கும் ஈரத்தில் வழவழப்புப் படிவதற்கு மட்டும் வைத்தியமில்லை, அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டியதுதான். காற்றுத் துவாரமும் இல்லாததால், தண்ணீர் விக்கி விக்கித்தான் வரும்.

எனவே இருப்புக் கேன்களுக்கு வெறும் மூடி. அன்றாடம் திறக்கும் ஒன்றுக்கு மட்டும் குழாய் மாட்டிய மூடி. எல்லாக் கேனையும் ஒரே தயாரிப்பில் வாங்கினால் அந்த ஒரே மூடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

நிரப்பும் முன் சோப்புப் போட்டு அலசிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத 3.5% பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட்) இரண்டு தேக்கரண்டி கலந்து ஊற்றி, மூடியின் உட்புறமும் நனையும்படி குலுக்குங்கள். ஒரு நிமிடம் விட்டுக் கொட்டிக் காயவிடுங்கள். நகராட்சித் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் இருப்பதால் மேலும் சேர்க்க வேண்டாம். சமையலறைத் தொட்டியில் இந்தக் கேன் நிற்காது, கடையில் இதை யாரும் சொல்வதில்லை. சுத்தமான புனல், ஜக் கொண்டு நிரப்புங்கள். தோட்டத்து ஹோஸ் கூடவே கூடாது. தண்ணீர் நின்று மறுபடி வந்த அன்று, கலங்கல் போகும்வரை திறந்துவிட்டுப் பிறகே பிடிக்க வேண்டும்.

டேங்கர் தண்ணீர் என்றால் கதை வேறு. கலங்கலாக இருந்தால் சுத்தமான துணியில் வடிகட்டி, 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, அதே பிளீச்சைக் கலந்து மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள். பழைய பிளீச்சில் வீரியம் இருக்காது, போத்தலில் தேதி பாருங்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர்: இரண்டு கேன். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். தூக்க முடியாத தண்ணீர் எதற்கு? அவர்களுக்கு 10 லிட்டர் கேன் ஐந்து வாங்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொட்டி, கழுவி, நிரப்ப வேண்டும். தைப்பூசக் காவடிக்கு ஒருமுறை, ஆடிக் கூழுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கொட்டும் தண்ணீர் செடிக்கோ கழிப்பறைக்கோ ஆகும். கராஜில் பெட்ரோல், பெயின்ட், தின்னர் பக்கத்தில் மட்டும் கேனை வைக்காதீர்கள். அவற்றின் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை ஊடுருவித் தண்ணீரில் இறங்கும்.

அதே காரணத்துக்காக, மலிவாகக் கிடைக்கும் பழைய கேனும் வேண்டாம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. பிளாஸ்டிக்கில் ஊறியது எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது.