ஜகார்த்தா பாம் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தினால் எந்தப் பங்கு தாங்கும்?

பாம் எண்ணெய்த் தொழிலில் கொஞ்சம் பணம் போட நினைக்கும் மட்டக்களப்புக்காரருக்குக் கொழும்புப் பங்குச் சந்தையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கடல் கடந்து இந்தோனேசியாவில் தோட்டம் நடத்திய கம்பனிகளின் பங்கு. கார்சன் கம்பர்பெட்ச், புக்கிட் டாரா ஆகியவை குட்ஹோப் ஏசியா என்ற துணை நிறுவனத்தின் மூலம் அப்படித்தான் இத்தொழிலில் இருந்தன. மற்றது, காலி, களுத்துறை மாவட்டங்களில் முள்ளுத்தேங்காய் (பாம் எண்ணெய் தரும் மரம்) பயிரிடும் உள்ளூர்ப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்கு. நாக்கியாதெனியத் தோட்டத்தை வைத்திருக்கும் வட்டவளை, எல்பிட்டிய, நமுனுகுல போன்றவை இந்த வகை. மலேசியப் பங்கை நேரடியாக வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் அந்நியச் செலாவணி விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். சிறு முதலீட்டாளருக்கு அது லேசான காரியம் இல்லை.

2022 இன் கடைசியில் நான் உள்ளூர்த் தோட்டத்தின் பக்கம் போனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எங்கள் மாமா மூன்றாவது ஒரு வழியும் சொன்னார். "தம்பி, காகிதத்தை வாங்கி வைப்பதைவிட வாகரைப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னங்காணி வாங்கு" என்றார். தேங்காய் விலை போன போக்கைப் பார்த்தால் அவர் சொன்னது கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் காணிக்குக் காவலாள் வேண்டும், யானை வேலி வேண்டும், கோடையில் தண்ணீர் வேண்டும், களவுக்குப் பயந்து அடிக்கடி போய் வரவும் வேண்டும். அது வேறு கணக்கு. இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தோனேசியத் தோட்டப் பங்கின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய நிலப்பரப்பு, முள்ளுத்தேங்காய்க்கு ஏற்ற மழை, டொலரை ஒட்டிய விலை. உலகின் பாம் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்த நாட்டில்தான் உற்பத்தியாகிறது. இலங்கை ரூபாய் விழும்போது வெளிநாட்டு வருமானம் கைகொடுக்கும் என்ற எண்ணத்திலேயே பலர் இத்தகைய பங்குகளை வைத்திருந்தார்கள். கார்சன் குழுமத்தில் லயன் பியர் ஆலையும் அடக்கம். எனவே அது தனிப் பாம் எண்ணெய்ப் பங்கும் அல்ல.

ஆனால் 2022 ஐ அவதானித்தவர்கள் அந்த எண்ணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உக்ரேன் போர் தொடங்கி, சூரியகாந்தி எண்ணெய் வருவது நின்று, மார்ச் மாதத்தில் மலேசியச் சந்தையில் பாம் எண்ணெய் தொன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்ல காலம் வராது என்றுதான் தோன்றும். இந்தோனேசியாவில் நடந்ததோ வேறு. நாட்டுக்குள் சமையல் எண்ணெய் விலை ஏறி மக்கள் வரிசையில் நின்றார்கள். அரசு ஜனவரியிலேயே பிடியை இறுக்கத் தொடங்கியது. ஏற்றுமதி செய்பவர் ஒரு பகுதியை உள்நாட்டில் விற்கவேண்டும், அதையும் கிலோ 9,300 ரூபியா என்ற கட்டுப்பாட்டு விலையில் விற்கவேண்டும் என்றது. மார்ச்சில் அந்த விதியைத் தளர்த்தி, ஏற்றுமதி அறவீட்டின் (ஏற்றுமதியாகும் எண்ணெய்க்கு அரசு வாங்கும் கட்டணம்) உச்சத்தைத் தொன்னுக்கு 175 டொலரிலிருந்து 375 டொலராக உயர்த்தியது. ஏப்ரல் 22 அன்று ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ ஏற்றுமதித் தடையையே அறிவித்தார். இடையில் சுத்திகரித்த ஒலீனுக்கு (சமையலுக்குப் பயன்படும் திரவப் பகுதி) மட்டும்தான் தடை என்றார்கள். அமுலுக்கு வரும் தறுவாயில் சுத்திகரிக்காத எண்ணெயும் பட்டியலில் சேர்ந்தது. ஏப்ரல் 28 இல் தொடங்கிய தடை மே 23 இல் நீங்கியது.

அந்த அறிவிப்பு வந்த கிழமையில் கொழும்புப் பங்குச் சந்தை பூட்டிக் கிடந்தது என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். நாட்டின் நெருக்கடி காரணமாக ஏப்ரல் 18 இலிருந்து ஐந்து வேலைநாட்களுக்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டிருந்தது. 25 ஆம் திகதி திறந்தபோதும் சரிவைத் தாங்காமல் அன்றைய வர்த்தகத்தை நிறுத்தினார்கள். இந்தோனேசியத் தோட்டப் பங்கு வைத்திருந்தவர் விற்க விரும்பியிருந்தாலும் விற்றிருக்க முடியாது.

ஒரு மாதம்கூட நீடிக்காத தடைக்கு ஏன் இத்தனை பயம் என்று கேட்கலாம். பழத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். முள்ளுத்தேங்காய்க் குலை ஒன்று பதினைந்து, இருபது கிலோ கனக்கும். நெருக்கமான முட்களுக்கு நடுவே சிவந்த பழங்கள் செருகியிருக்கும். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை இழுத்து வெட்டுவார்கள். வெட்டிய நேரத்திலிருந்து பழத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலையில் அவித்தெடுக்கவேண்டும். அமிலம் 5 வீதத்தைக் கடந்த எண்ணெய்க்குச் சந்தையில் முழு விலை கிடைப்பதில்லை. பழுத்ததை மரத்தில் விட்டுவைத்தாலும் உதிர்ந்து அழுகும்.

அம்பாறை விவசாயிக்கு இது புரியும். பெரும்போக அறுவடையில் ஈர நெல்லோடு ஆலை வாசலில் நிற்பவர் ஆலைக்காரர் சொன்ன விலைக்குத்தான் தலையாட்டவேண்டும். ஆனாலும் நெல்லைத் தார் வீதியில் பரப்பிக் காயவைத்து, மூடை கட்டி, இரண்டு மாதம் பொறுத்து விற்க ஒரு வழி இருக்கிறது. முள்ளுத்தேங்காய்க்காரருக்கு அந்த வழியும் இல்லை. எண்ணெய்த் தாங்கிகள் நிரம்பியதும் ஆலைகள் பழம் வாங்குவதைக் குறைத்தன, சில நிறுத்தியே விட்டன. கிலோ 3,000 ரூபியாவுக்கு மேல் போன பழம், தடை நீங்கிய பிறகும்கூட, சில இடங்களில் 1,000 ரூபியாவுக்குக் கீழே இறங்கியது. மே மாத நடுவில் சிறு தோட்டக்காரர்கள் ஜகார்த்தாவுக்கே வந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அந்நாட்டு முள்ளுத்தேங்காய் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இத்தகைய சிறு தோட்டக்காரர் கையில் இருக்கிறது. சொந்த ஆலையும் தாங்கியும் வைத்திருக்கும் பெரிய கம்பனி இதில் தப்பிப் பிழைக்கும், அது உண்மை. ஆனால் தேங்கிய எண்ணெயை எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடியபோது உலக விலையும் உடைந்தது. செப்டெம்பர் கடைசியில் மலேசிய விலை மார்ச் உச்சத்தில் பாதிக்கும் கீழே போயிருந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது தடை அல்ல, அறவீடு. தடை தலைப்புச் செய்தியாகி ஒரு மாதத்தில் போய்விட்டது. அறவீடு போகவில்லை. தேங்கிய சரக்கை வெளியே தள்ள 2022 ஜூலை நடுவிலிருந்து சில மாதம் அதை நிறுத்திவைத்தார்கள், பிறகு மீண்டும் வந்தது. 2024 இல் அதை அரசு அறிவிக்கும் உசாத்துணை விலையில் 7.5 வீதம் என்று மாற்றினார்கள். 2025 மே மாதத்தில் 10 வீதமாக்கினார்கள். இந்தப் பணம் முக்கியமாக உயிரி டீசலுக்கான மானியத்துக்குப் போகிறது. டீசலில் 40 வீதம் பாம் எண்ணெய் எரிபொருள் கலக்கும் திட்டத்தை 2025 இல் தொடங்கியபின் அந்தத் தேவை குறையப்போவதில்லை. இதற்கு மேல் ஏற்றுமதித் தீர்வை தனி. இவை எல்லாவற்றையும் கழித்த விலைதான் தோட்டத்துக்கு வந்து சேர்கிறது. உலக விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஆழமாக அரசின் கை உள்ளே போகும். விலை விழும்போது அறவீடும் குறையும், ஆனால் நட்டத்தில் அரசு பங்கெடுக்காது. ஏற்றத்தில் ஒரு பகுதியும் நட்டத்தில் முழுதும் கிடைக்கும் பங்குக்கு நான் ஏன் முழு விலை கொடுக்கவேண்டும்?

சுத்திகரித்த எண்ணெய்க்கு அறவீடு குறைவு. எனவே அங்கே சுத்திகரிப்பு ஆலை வைத்திருப்பவருக்கு மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கும், விற்பனையிலும் வரி குறையும். இந்தோனேசியாவில் பணம் போடத்தான் வேண்டுமென்றால் தோட்டத்தைவிட ஆலையே மேல் என்பது என் அபிப்பிராயம். அதைக் கொழும்பில் தனியாக வாங்க வழி தெரியவில்லை.

இனி உள்ளூர்த் தோட்டம். இலங்கை உண்ணும் எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு. காலியில் பிழியும் எண்ணெய் நாட்டுக்குள்ளேயே விற்றுப்போகிறது. அதன் விலையை ஜகார்த்தாவின் உத்தரவு நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. துறைமுகத்தில் வந்திறங்கும் எண்ணெயின் அடக்கவிலை தீர்மானிக்கிறது. உலக விலை, டொலர் பெறுமதி, இறக்குமதி வரி ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. தென்னைச் செய்கையாளரைக் காப்பதற்காகப் போடும் அந்த வரி முள்ளுத்தேங்காய்க்காரருக்கும் குடை பிடிக்கிறது. இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தினால் உலக விலை ஏறும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபின் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போனது. இரண்டும் காலியிலுள்ள தோட்டத்தின் வரவுப் பக்கத்தில்தான் விழுந்தன. கூலியோ ரூபாயில். அங்குள்ள விவசாயியைத் தெருவுக்குக் கொண்டுவந்த அதே உத்தரவு இங்குள்ள தோட்டத்துக்கு வருமானமாக வந்தது.

காத்தான்குடியில் சிற்றுண்டிக் கடை நடத்தும் நானா ஒருவரிடம் இதை விளக்கினேன். "அப்படியென்றால் உங்கள் பங்கு ஏறும்போதெல்லாம் என் கடை வடை சிறுக்கிறது, தம்பி" என்றார். மறுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு உள்ளூர்ப் பங்கை ஏன் எல்லோரும் அள்ளவில்லை? 2021 ஏப்ரலில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பிறப்பித்த உத்தரவுதான் காரணம். பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை, புதிய முள்ளுத்தேங்காய் நடுகைக்குத் தடை, இருக்கும் தோட்டங்களையும் ஆண்டுக்கு 10 வீதமாகப் பிடுங்கி இறப்பர் முதலிய பயிருக்கு மாற்றவேண்டும் என்ற கட்டளை. நிலத்தடி நீரும் மண்ணும் கெடுகின்றன என்ற அயல் கிராம மக்களின் முறைப்பாடு அதற்குப் பின்னணி. அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை 20,000 ஹெக்டேயர் வரை நட ஊக்கம் கொடுத்த அரசுதான் இப்படித் திரும்பியது. நட்டது சுமார் 11,000 ஹெக்டேயர். நாற்றுமேடையில் வளர்ந்த கன்றுகளைக் கம்பனிகளால் நடமுடியவில்லை. இறக்குமதித் தடை பின்னர் தளர்ந்தது. பிடுங்கும் கட்டளையும் எழுத்தில் இருந்தபடி நடக்கவில்லை, மரங்கள் நின்று காய்க்கின்றன. ஆனால் புதிய கன்று இல்லாத தோட்டத்துக்கு வயது ஏறிக்கொண்டே போகும். முள்ளுத்தேங்காய் மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டளவில் குலை வெட்ட எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

எனவே ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது இலாபத்தை அல்ல. முதிர்ந்த முள்ளுத்தேங்காய் எத்தனை ஹெக்டேயர், முதிராதது எத்தனை என்ற இரண்டு எண்களை. முதிராதது தேய்ந்து பூச்சியத்தை நெருங்கினால், வாங்குவது வளரும் தொழிலை அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குப் பலன் தரும் மரங்களை என்று எண்ணிக்கொள்ளவேண்டும். அப்படி எண்ணி, பங்கிலாபம் ஏழெட்டு ஆண்டில் போட்ட பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தருமா என்று கணக்குப் பார்த்தே வாங்கினேன். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவதற்கு இது ஏற்ற பங்கல்ல.

சில இடங்களில் என் கை தளர்கிறது. நாக்கியாதெனியப் பக்கம் நான் போனதில்லை. மரங்களின் நிலையை அறிக்கையை நம்பித்தான் சொல்கிறேன். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது முள்ளுத்தேங்காய்க்கும் உரம் குறைந்தது. இந்தப் பயிரில் உரக்குறைவு விளைச்சலில் தெரிய ஒன்றிரண்டு ஆண்டு எடுக்கும் என்பதால், ஓராண்டு விளைச்சலை வைத்து முடிவு கட்டக்கூடாது. தேயிலை, இறப்பரும் கலந்த கம்பனி என்றால் தேயிலை நட்டம் பாம் எண்ணெய் இலாபத்தைத் தின்றுவிடலாம். தேயிலைக் கணக்கை எடைபோடும் அனுபவம் எனக்கு இல்லாததால், கலப்பு குறைந்த கம்பனியாகப் பார்த்தேன். வட்டவளை 2017 இல் தேயிலைத் தோட்டங்களைத் தனிக் கம்பனியாகப் பிரித்துவிட்டது. ஆனால் பாற்பண்ணை ஒன்றும் அதனோடு இருக்கிறது.

விற்கும்போது ஒரு சிரமம். இந்தப் பங்குகளின் பெரும்பகுதி தாய்க் கம்பனிகளிடம் இருப்பதால் நாளாந்த வர்த்தகம் மெலிவு. தரகரிடம் விலை குறித்துக் கொடுத்துவிட்டுச் சிலநாள் காத்திருக்கவேண்டி வரும். அவசரத்துக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். இன்னொன்று, ஜகார்த்தாவில் தடை என்ற செய்தி வந்த பிறகு வாங்க ஓடினால், அன்றைய விலையில் அந்த இலாபம் ஏற்கனவே ஏறியிருக்கும்.